பாதுகாக்கவும் என்றொரு பொத்தான்

நாத்தனார் என்றாலே அண்ணியின் கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிறவள் என்று நம்பி வந்த வாசகர்கள் இந்தக் கதையில் ஏற்கெனவே ஏமாந்திருப்பார்கள். போன வாரம் ஒரு கைப்பையும் வீங்கிய விரலுமாகப் பின்வாசலில் வந்து நின்ற அண்ணியை உள்ளே இழுத்து, கதவைத் தாழிட்டு, "இனிமே நீங்க எங்கயும் போக வேணாம்" என்று சொன்னது நம் பிரேக்தான்.

பெயர் அதுவல்ல. ஒரே ஒரு காரை வைத்துக்கொண்டு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். மாணவர்கள் ஓட்ட, இவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் பக்கத்திலிருக்கும் இன்னொரு பிரேக் பெடலில் எந்நேரமும் காலை வைத்திருப்பாள். அந்தப் பழக்கம் முற்றிப்போய், பஸ்ஸில் உட்கார்ந்தாலும் லிஃப்டில் நின்றாலும் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். கல்யாணப் பேச்சு எடுத்தாலும் மிதிக்கும். அந்தப் பட்டப்பெயரை முதலில் வைத்தவன் அவள் அண்ணன். அவளை முதன்முதலாக ஸ்டீரிங்கைப் பிடிக்கவைத்தவனும் அவன்தான். அண்ணியின் விரல்களைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தியவனும் அவனேதான். மூன்றும் ஒரே ஆள் என்பதைத்தான் பிரேக்கால் இந்த வாரம் முழுக்க ஜீரணிக்க முடியவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. பழைய கிடங்குக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் கார் நின்றது. பின் சீட்டில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். தலையில் துப்பட்டா, மடியில் பிரேக்கின் செல்போன். பகலில் அவளை வீட்டில் விட்டுவைக்க முடியாது, அந்த வீட்டின் மாற்றுச் சாவி ஒன்று அண்ணனிடம் இருந்தது. பூட்டை மாற்றினால் ஏன் மாற்றினாய் என்று கேட்பான். அதனால் காலையிலிருந்து மாலைவரை, யார் கேட்டாலும், அண்ணி "அடுத்து ஓட்டப்போற ஸ்டூடண்ட்." இந்த ஐந்து நாளில் அவள் பின் சீட்டிலிருந்தே கிளட்ச் விடுவதைப் பாதி கற்றுக்கொண்டுவிட்டாள்.

அண்ணி, பிறந்த குழந்தைகள் வார்டில் நர்ஸ். அவளுடைய லீவு இன்றோடு முடிகிறது. நாளைக் காலை ஷிஃப்டுக்குப் போயாக வேண்டும். அது அண்ணனுக்கும் தெரியும். வார்டுக்கே போன் போட்டு, "நாளைக்கு டூட்டிக்கு வந்துதானே ஆகணும்? கேட்லயே நிக்கிறேன்" என்று சொல்லியிருந்தான். தலைமை நர்ஸ் நல்ல மனுஷி. ஆனால் அவளும் கையை விரித்துவிட்டாள். கோர்ட் ஆர்டர் ஒன்று கையில் இருந்தால் வாட்ச்மேனை விட்டு வாசலிலேயே நிறுத்திவிடலாம், அது இல்லாமல் ஒரு புருஷனை எந்த உரிமையில் தடுப்பது என்று கேட்டாள்.

ஆக, இன்றைக்குள் அந்த ஆர்டர் வேண்டும்.

கோர்ட்டுக்குப் போய் மனு கொடுப்பது இத்தனை நாள் நடக்காத காரியம். ஏனென்றால் அண்ணனின் ஜெராக்ஸ் கடை கோர்ட் வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. வக்கீல், குமாஸ்தா, வாய்தாவுக்கு வருகிறவர், எல்லோரும் அவனுக்குப் பழக்கம். அந்த வாசலில் யாருடைய செருப்பு பிய்ந்தாலும் அவனுக்குத் தெரிந்துவிடும். அண்ணி அந்த வாசற்படியில் கால் வைத்தால், மனு உள்ளே போவதற்கு முன்னால் அவன் வெளியே வந்து நிற்பான்.

ஆனால் இந்தத் திங்கட்கிழமையிலிருந்து வழி மாறியிருந்தது. பாதுகாப்பு ஆணை கேட்கும் மனுக்களை இனி ஆன்லைனிலேயே போடலாம் என்று கோர்ட் அறிவித்தது. இருந்த இடத்திலிருந்தே எழுதலாம். இருக்கும் விலாசத்தை எதிராளிக்குத் தெரியாமல் மறைக்கச் சொல்லலாம். மூன்று மணிக்குள் வந்துசேர்ந்தால் நீதிபதி அன்றைக்கே வீடியோவில் கூப்பிட்டுக் கேட்பார். அதற்குப் பிறகு வந்தால் அடுத்த வேலை நாள்தான். வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வேலை நாள் திங்கட்கிழமை.

திங்களிலிருந்து அண்ணி ஒரு நோட்டில் எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். எழுதியதைப் பிரேக் படித்துப் பார்த்தாள். "இடது கன்னத்தில் வீக்கம். வலது கை நடுவிரல், மோதிர விரலில் நசுங்கிய காயம்" என்று, யாரோ ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்டை எழுதுவதுபோல எழுதியிருந்தாள். வலித்தது என்று ஓரிடத்தில்கூட இல்லை.

சாட்சி என்ற பக்கம் மட்டும் காலியாக இருந்தது.

"உன் பேரைப் போடட்டுமா?" என்று அண்ணி ஒரே ஒரு முறைதான் கேட்டாள்.

"இப்போதைக்கு வேணாம் அண்ணி. அம்மா அவன்கூடத்தானே இருக்காங்க. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவங்க தலையிலதான் போய் விடியும்."

சொன்ன காரணம் பொய்யில்லை. சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. அண்ணனுக்கு எதிராகத் தன் பெயரை எழுதும் தைரியம் அவளுக்கு வரவில்லை. அண்ணிக்கு அதுவும் புரிந்தது. அவள் மறுபடி கேட்கவில்லை.

காலையில் அம்மாவும் போன் செய்திருந்தாள். வழக்கம்போல பாதி விழுங்கிய குரல். உன் அண்ணி எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் நல்லபடியாகப் புத்தி சொல்லி அனுப்பு, புருஷன் பொண்டாட்டி விஷயத்தில் நீ தலையை நுழைக்காதே, அவன் குணம் அப்படி, நாம்தான் அனுசரித்துப் போக வேண்டும் என்றாள். கண்ணாடி மாற்றியாகிவிட்டதா என்று பிரேக் கேட்டாள். இரண்டு மாதமாக அம்மா ஒரு பக்கம் உடைந்த மூக்குக்கண்ணாடியை நூல் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். "கீழே விழுந்ததுதானே, மெதுவா மாத்திக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பதினோரு மணி வாக்கில், அன்றைய மாணவரான மளிகைக் கடைக்காரர் ரிவர்ஸ் எடுக்கப் பழகிக்கொண்டிருந்தபோது, பின் சீட்டில் நோட்டைப் பார்த்துப் போனில் ஏற்றிக்கொண்டிருந்த அண்ணியிடமிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

"முடிஞ்சுது" என்றாள் அண்ணி. "பாதுகாக்கப்பட்டதுன்னு வந்துடுச்சு."

பிரேக் திரும்பிப் பார்த்தாள். அண்ணி சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலம் ஆகிறது என்று யோசித்ததில் பிரேக்குக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு நிமிடத்தில் மளிகைக்காரர் பயிற்சிக்கு வைத்திருந்த ஒரு டிரம்மைச் சாய்த்துத் தள்ளினார். இவள் திட்டவில்லை. அவரே ஆச்சரியப்பட்டுப்போனார்.

நீதிபதி எப்போது கூப்பிடுவார் என்று காத்திருக்க ஆரம்பித்தார்கள். மணி பன்னிரண்டாயிற்று, ஒன்றாயிற்று. போன் ஊமையாகக் கிடந்தது. புதுசு அல்லவா, மெதுவாகத்தான் வரும் என்று ஒருவரை ஒருவர் சமாதானப்படுத்திக்கொண்டார்கள். சாப்பிட்டுவிட்டு இரண்டாவது வகுப்புக்கு வந்த மளிகைக்காரர் மறுபடி ஸ்டீரிங்கில் உட்கார்ந்தார். இவர் ஓட்டுநர் தேர்வில் மூன்று தடவை தோற்றவர். நாலாவதில் எப்படியும் பாஸ் பண்ணிவிட வேண்டும் என்று தினம் இரண்டு வகுப்பு கேட்டு வாங்கியிருந்தார்.

மைதானத்தின் வாசலில் ஒரு ஸ்கூட்டர் நுழைந்தது.

அந்த ஸ்கூட்டரின் சத்தம் இருவருக்குமே மனப்பாடம். பிரேக் பின்னால் திரும்பவில்லை. "அண்ணி, படுத்துக்கோங்க" என்று மட்டும் சொன்னாள். பின் சீட்டில் துணி சரசரத்தது, அப்புறம் சத்தமே இல்லை. மளிகைக்காரர் கண்ணாடியில் ஒருமுறை பின்னால் பார்த்தார், ஒருமுறை பிரேக்கின் முகத்தைப் பார்த்தார், வண்டியை நிறுத்தினார். இதுவரை அவர் இவ்வளவு அழகாக நிறுத்தியதே இல்லை.

அண்ணன் ஒரு கட்டு நோட்டீஸோடு வந்து ஜன்னலில் குனிந்தான். டிரைவிங் ஸ்கூல் விளம்பர நோட்டீஸை வருடாவருடம் அவன்தான் இலவசமாக அடித்துக் கொடுப்பான். இந்தத் தடவை மஞ்சள் தாளில், கார் படத்தோடு, பார்க்கவே நன்றாக இருந்தது.

"புடிச்சிருக்கா பிரேக்கு?"

"நல்லாருக்குண்ணா."

வெயிலில் முகம் வாடியிருந்தான். சாப்பிட்டாயா என்ற கேள்வி வாய்வரை வந்துவிட்டது. தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

அவன் கடையைப் பற்றிப் புலம்பினான். கோர்ட்டில் எல்லாவற்றையும் போனுக்குள் போட்டுவிட்டார்கள், ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுக்க நாதியில்லை என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"காசை விடு. போன வாரம் வரைக்கும் இந்த மாதிரி புருஷன் மேல மனு போட வர்ற பொம்பளைங்க என் கடைக்குத்தான் முதல்ல வருவாங்க. நான் படிச்சுப் பார்த்து, நாலு நல்ல வார்த்தை சொல்லி, வீட்டுக்குத் திருப்பி அனுப்பிடுவேன். எத்தனை குடும்பத்தை அப்படிக் காப்பாத்தியிருக்கேன் தெரியுமா? இப்போ அவங்கல்லாம் எங்க இருந்து போடுறாங்கன்னே தெரியல."

பிரேக்கின் கால் பெடலை அழுத்தியிருந்தது. கார் நின்றுதான் இருந்தது, எஞ்சின்கூட ஓடவில்லை. இருந்தாலும் அவளால் காலை எடுக்க முடியவில்லை. எத்தனை பேர் அந்தக் கடையிலிருந்து திரும்பிப் போயிருப்பார்கள்? திரும்பிப் போனவர்களுக்கு அன்று இரவு என்ன நடந்திருக்கும்? இவன் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பேன். நீயும் வா. நீ சொன்னா அவ கேப்பா" என்றான். பிறகு பார்வை பின்பக்கம் போனது. "பின்னாடி யாரு படுத்திருக்கிறது?"



"என் வீட்டம்மாங்க" என்றார் மளிகைக்காரர், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. "நான் ஓட்டுறதைப் பாக்கணும்னு ஆசையா வந்தாங்க. பாத்ததும் தலைசுத்திப் படுத்துட்டாங்க. எழுப்பாதீங்க, எழுந்தா திட்டுவாங்க."

அண்ணன் சிரித்துவிட்டான். நோட்டீஸ் கட்டை டேஷ்போர்டில் வைத்தான், பிரேக்கின் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினான், போய்விட்டான். ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்து மறைந்தது.

"டீ குடிச்சிட்டு வரேன் மேடம்" என்று மளிகைக்காரர் தானாகவே இறங்கினார். எதுவும் கேட்கவில்லை. கதவைச் சாத்தும்போது, "என் அக்காவுக்கு அன்னிக்கு இப்படி ஒரு கார் இல்லாம போச்சு" என்று மட்டும் சொன்னார்.

அண்ணி எழுந்து உட்கார்ந்தாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். "ஏன் இன்னும் கூப்பிடல? மனு போட்டு இவ்ளோ நேரமாச்சே?"

"மனு நம்பரை வச்சுத் தேடிப் பாக்கலாம். நம்பர் சொல்லுங்க."

"நம்பரா? அப்படி ஒண்ணும் வரலையே."

பிரேக் போனைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். திரையில், "உங்கள் மனு பாதுகாக்கப்பட்டது" என்று இருந்தது. அதற்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில், "வரைவு" என்று இருந்தது. அதற்கும் கீழே இரண்டு பொத்தான்கள். பச்சையில் ஒன்று: பாதுகாக்கவும். சிவப்பில் ஒன்று: தாக்கல் செய்யவும்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுதியதை அழியாமல் எடுத்துவைக்கும் பொத்தானுக்குத்தான் எந்தப் புண்ணியவானோ "பாதுகாக்கவும்" என்று பெயர் வைத்திருந்தான். மனு காலையிலிருந்து இந்தப் போனுக்குள்ளேயே பத்திரமாக இருந்திருக்கிறது. கோர்ட்டுக்குப் போகவேயில்லை.

"அண்ணி, இதை ஏன் அழுத்தல? இந்தச் சிவப்பை?"

அண்ணி பார்த்தாள். 

"பாத்தேன். தாக்கல்னு இருந்துச்சு. தினம் பேப்பர்ல படிக்கிற வார்த்தைதான், தெரியாம இல்ல. ஆனா அந்த நேரத்துல அடி, தாக்கு அப்படின்னுதான் கண்ணுக்குப் பட்டுச்சு. பக்கத்துலயே பாதுகாக்கவும்னு இருக்கு. நான் அதைக் கேட்டுத்தானே வந்திருக்கேன்? அதை அழுத்தினேன். பாதுகாக்கப்பட்டதுன்னு வந்துச்சா..." அவள் நிறுத்தினாள். "தப்பிச்சு வந்துட்டேன்னு நினைச்சேன்."

பிரேக்குக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. முதலில் சிரித்தது அண்ணிதான். காயம்பட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மணி என்ன?"

மூன்றுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

பிரேக் பின் சீட்டுக்கு வந்து அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாக்கல் செய்யவும் என்பதை அழுத்தினால் நேராக அனுப்பிவிடவில்லை. ஒவ்வொரு பக்கமாகக் காட்டி, சரிதானா, சரிதானா என்று கேட்டது. விலாசத்தை மறைக்கவும். சரி. காயங்களின் படம். சரி. சாட்சி விவரம். அந்தப் பக்கம் வந்ததும் அண்ணி "இல்லை" என்பதைத் தொடப் போனாள். பிரேக் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நான் எழுதுறேன்."

"அத்தை அங்க இருக்காங்களே."

"தெரியும். இத்தனை நாள் அதையே சொல்லிக்கிட்டு உக்காந்திருந்தேன். அவன் என்ன சொன்னான்னு கேட்டீங்கல்ல? வர்றவங்களை எல்லாம் படிச்சுப் பாத்துத் திருப்பி அனுப்பிடுவானாம். நான் பேரைப் போடலன்னா நானும் அதையேதான் செய்யறேன் அண்ணி."

பெயர், வயது, தொழில் எல்லாம் எழுதினாள். எதிர்மனுதாரர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டது. தொட்டதும் ஒரு நீளமான பட்டியல் விரிந்தது. அக்கம்பக்கத்தவர் இருந்தது, உடன் பணிபுரிபவர் இருந்தது, மருத்துவர் இருந்தது. நாத்தனார் என்று இருந்தால் எவ்வளவு சுலபமாக இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தாள். அண்ணிக்கு இவள் என்ன உறவு என்று அது கேட்கவில்லை. அவனுக்கு என்ன உறவு என்று கேட்டது. "தங்கை" என்பதைத் தேடித் தொட்டாள். தலையில் அவன் தட்டிய இடம் இன்னும் உறைத்துக்கொண்டிருந்தது.

பார்த்ததை எழுதச் சொன்னது. அவளுக்கு அழகாக எழுத வராது. டிரைவிங் பாடம் சொல்வதுபோல வரிசையாக எழுதினாள். சமையலறைக் கதவு திறந்திருந்தது. அண்ணியின் கை நிலையில் இருந்தது. கை அங்கே இருப்பதை அண்ணன் பார்த்தான். பார்த்த பிறகு கதவைச் சாத்தினான். அம்மாவைப் பார்க்கப் போயிருந்த நான் கூடத்தில் நின்றிருந்தேன், அவன் என்னைப் பார்க்கவில்லை.

"நீ அழுத்துறியா?" என்று அண்ணி கேட்டாள்.

"உங்க மனு. நீங்கதான் அழுத்தணும்."

அண்ணி வலிக்கிற விரலாலேயே அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிரேக் தன்னையறியாமல் வலது காலால் தரையை மிதித்தாள். "காலை எடு, நின்னுடப்போவுது" என்றாள் அண்ணி. இவளும் எடுத்துவிட்டாள். மனு எண் வந்தது.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. டீ குடித்துவிட்டு வந்த மளிகைக்காரர் விஷயத்தைக் கேட்காமலே மைதான வாசலில் போய் நின்றுகொண்டார். நாலு மணிக்கு முன்பே போன் அழைத்தது. திரையில் ஒரு பெண் நீதிபதி, முன்னால் தண்ணீர் பாட்டில், பின்னால் ஒரு மர அலமாரி. அவ்வளவுதான் கோர்ட். காரின் பின் சீட்டைப் பார்த்து அவர் எதுவும் கேட்கவில்லை. இந்த வாரத்தில் இதைவிடச் சின்ன இடங்களையெல்லாம் அவர் பார்த்திருக்கலாம்.

அண்ணியிடம் நிதானமாகக் கேட்டார். கையைக் காட்டச் சொன்னார். நாளை வேலைக்குப் போகப் பயமாக இருக்கிறதா என்று கேட்டபோதுதான், கேஸ் ஷீட்டில் இல்லாத வார்த்தை ஒன்று அண்ணியின் வாயிலிருந்து வந்தது. "வலிக்குதும்மா" என்றாள். கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமில்லை. நீதிபதி காத்திருந்தார், அண்ணி பேசி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை.

பிறகு பிரேக்கைக் கூப்பிட்டார். "எதிர்மனுதாரர் உங்க கூடப் பிறந்தவர்தானே?"

"ஆமாங்க. ஒரே அண்ணன்."

"யோசிச்சுத்தான் எழுதியிருக்கீங்களா?"

"இத்தனை நாள் யோசிச்சதுதாங்க தப்பு."

இடைக்கால உத்தரவு அன்று மாலையே வந்தது. மனைவி இருக்கும் இடத்திலோ, வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலோ அவன் நெருங்கக் கூடாது. போனிலோ, ஆள் விட்டோ தொந்தரவு செய்யக் கூடாது. அண்ணி அதைத் தலைமை நர்ஸுக்கு அனுப்பினாள். "காலையில வா. வாட்ச்மேன்கிட்ட நானே நிக்கிறேன்" என்று பதில் வந்தது. அண்ணி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். சீருடையை அயர்ன் பண்ண வேண்டும் என்றாள். அந்த ஒரு வார்த்தையில் பிரேக்குக்குப் பாதி உயிர் வந்தது.

மளிகைக்காரரை அவர் கடையருகில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பும்போது போன் அடித்தது. திரையில் "அண்ணா" என்று வந்தது.

ஓரமாக நிறுத்தினாள். எடுத்தாள்.

முதலில் கடையில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"நம்ம அமீனா வந்தான்" என்றான். கோர்ட் உத்தரவுகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் அந்த ஆள் அவன் கடைக்குத் தினமும் வருகிறவன்தான். "உள்ள பிரிண்டர் ரிப்பேராம். எப்பவும்போல எனக்கு அனுப்பி ரெண்டு காப்பி எடுக்கச் சொன்னான். நானும் எப்பவும்போல எடுத்தேன். என் மெஷின்ல, என் பேப்பர்ல. ஸ்டேப்ளர் போட்டு நீட்டுறேன், அவன் வாங்காம தலையைக் குனிஞ்சுக்கிட்டு, இது உங்களுக்குத்தான்ங்கிறான்."

பிரேக் எஞ்சினை அணைத்தாள்.

"சாட்சின்னு ஒரு இடம் இருக்கு. அதுல தங்கைன்னு போட்டிருக்கு." அவன் குரல் உடைந்தது. உடைந்த வேகத்திலேயே இறுகியும் போயிற்று. "எனக்கு எத்தனை தங்கச்சி?"

"நான் ஒருத்திதாண்ணா. நான்தான் எழுதினேன்."

"அம்மாகிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

"நடந்ததைச் சொல்லு."

வைத்துவிட்டான். பிரேக்கின் கை ஸ்டீரிங்கிலேயே இருந்தது. அவனுக்காக அழ வேண்டும்போலவும் இருந்தது, அவன் குரலின் அந்தக் கடைசி இறுக்கத்தை நினைத்தால் பயமாகவும் இருந்தது. அண்ணி பின்னாலிருந்து அவள் தோளில் கை வைத்தாள்.

போன் மறுபடி அடித்தது. தெரியாத நம்பர். ஒருவேளை கோர்ட்டாக இருக்கும் என்று எடுத்தாள்.

"நான்தான்டி" என்றாள் அம்மா. "பக்கத்து வீட்டு டீச்சர் போன்ல இருந்து பேசுறேன். என் போனை அவன் எடுத்துப் பாப்பான்."

"அம்மா, அவன் உனக்குச் சொன்னானா?"

"சொன்னான். நீ என்ன பண்ணிட்டேன்னு கத்தினான். கடையைப் பூட்டிட்டு வர்றானாம்."

திட்டுவாள் என்று பிரேக் காத்திருந்தாள். அம்மா திட்டவில்லை. மறுமுனையில் யாரோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது, பிறகு அம்மாவின் குரல் இன்னும் பக்கத்தில் வந்தது.

"அது வீட்டுல இருந்தே போடலாமாமே? கோர்ட்டுக்கெல்லாம் போக வேணாமாமே?"

"ஆமாம்மா. ஏன், அண்ணிக்குச் சாட்சி சொல்றியா?"

"அவளுக்கு இல்லடி" என்றாள் அம்மா. "எனக்கு."

பிரேக்குக்கு நூல் சுற்றிய மூக்குக்கண்ணாடி கண்முன் வந்து நின்றது. இரண்டு மாதமாகப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்து, மாத்தும்மா, மாத்தும்மா என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். எப்படி உடைந்தது என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை.

"கண்ணாடி கீழே விழலையாம்மா?"

"விழல."

"அங்கயே இரு. டீச்சர் வீட்டுக் கதவைத் திறக்காத. வந்துட்டே இருக்கேன்."

வண்டியைக் கிளப்பினாள். கடையிலிருந்து வீட்டுக்கு அவனுக்கு ஒரே தெரு. இவளுக்கு ஊரின் பாதியைத் தாண்டியாக வேண்டும். பின் சீட்டில் அண்ணி அதற்குள் போனைக் கையில் எடுத்துப் புது மனு ஒன்றைத் திறந்திருந்தாள்.

"அத்தையோட முழுப் பேரு எப்படி எழுதுவாங்க?"

பிரேக் சொன்னாள். வயதைச் சொன்னாள். எதிர்மனுதாரரின் பெயரை அண்ணி கேட்கவில்லை, அவளே எழுதிக்கொண்டாள். அப்புறம் பிரேக் கண்ணாடியில் பார்த்தாள். அண்ணியின் விரல் திரையில் கீழே, இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தது. எதிர்மனுதாரர் என்ன உறவு என்று கேட்ட அந்த நீளப் பட்டியலில், "மகன்" என்பதைக் கடைசியில்தான் வைத்திருந்தார்கள்.